இந்த மேலங்கி எந்த வழியில் வந்தது?

2004 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியான ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற இணைய விளையாட்டில் சேர்கிறவர்கள் எல்லோருமே அதிநாயகர்கள். பறக்கலாம், கையிலிருந்து நெருப்பை வீசலாம், கட்டடங்களைத் தாண்டிக் குதிக்கலாம். முதுகில் படபடக்கும் மேலங்கி மட்டும் அப்போது கிடையாது. 1938இல் சூப்பர்மேன் அச்சில் வந்ததிலிருந்து அதிநாயகன் என்றதும் கண்முன் வருவது அந்தத் துணிதான். அசையும் துணியைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் நுட்பம் வெளியீட்டுக்குள் கைகூடாததே நிஜக் காரணம். தயாரிப்பாளர்கள் அந்தக் குறையைக் கதையாக்கிவிட்டார்கள்: வேற்றுலகப் படையெடுப்பை முறியடிக்கப் போய்த் திரும்பாத ‘ஹீரோ ஒன்’ என்ற தலைமகனுக்காக நகரம் துக்கம் காக்கிறது, அதனால் அதிநாயகர்கள் மேலங்கி அணிவதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் நுட்பம் கைக்கு வந்தது. அப்போதும் மேலங்கியை எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கவில்லை. 20ஆம் நிலையை எட்டி, அதற்கென்றே வைத்த ஒரு பணியை முடித்தவருக்கே தோளில் துணி. இன்னும் ஒருவர் திரையில் இன்னும் ஒரு துணியை ஆடவிடுவதற்கு நிறுவனத்துக்குக் காலணா செலவில்லை. இருந்தும் வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பால்தான் மேலங்கிக்கு மதிப்பு வந்தது.

இந்தச் சின்ன நிகழ்வு ஒரு பெரிய கேள்வியைத் திறக்கிறது. வரலாற்றில் ஆடை ஏன் அதிகாரச் சின்னமாயிற்று என்று கேட்டால், அரிய பொருள், கடும் உழைப்பு, அழகு, பயன் என்று பல விடைகள் வரும். வீடியோ கேமில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. சாயத்துக்கு நத்தையைக் கொல்ல வேண்டியதில்லை, தறியில் யாரும் உட்காருவதில்லை, குளிர் அடிப்பதில்லை. பொருள் என்ற ஒன்று முழுவதும் உதிர்ந்த பிறகும் ஆடைக்கு மதிப்பு நிற்கிறது என்றால், அந்த மதிப்பு முதலிலிருந்தே பொருளில் மட்டும் இருந்திருக்க முடியாது. ஆடை பார்ப்பவரிடம் சொல்வது ‘நான் எதனால் ஆனேன்’ என்பதைவிட ‘நான் இவரிடம் எந்த வழியில் வந்தேன்’ என்பதையே. அந்த வழி உரிமையா, செயலா, கொடையா, காசா என்று கண்டவுடன் தெரிகிற வரை ஆடைக்கு மரியாதை உண்டு; வழிகள் ஒன்றோடொன்று குழம்பும்போது கலகம் வரும். ரோம், மாட்ரிட், திருவிதாங்கூர் முதல் இன்றைய இணைய விளையாட்டுகள் வரை ஆடையைப் பற்றிய சண்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது துலங்கும்.

கருவியாக இருந்த துணி

மேலங்கி பிறந்தது சின்னமாக அல்ல. ரோமச் சிப்பாயின் ‘சாகும்’ என்ற மேலங்கி ஒரு கம்பளித் துணி. பகலில் போர்வை, இரவில் படுக்கை, மழையில் கூடாரம். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தெருவில் நடக்கிற கனவானின் மேலங்கி ஆபத்துக்கு உதவும் கேடயமும்கூட. 1570இல் வெளியான ஜாக்கோமோ தி கிராஸியின் வாள்வித்தை நூல், இடது முன்கையில் மேலங்கியைச் சுற்றிக்கொண்டு எதிராளியின் வெட்டைத் தாங்குவதற்குத் தனியே பாடம் வைத்திருக்கிறது. கையோடு ஒட்டிய மடிப்பு வெட்டைத் தடுக்காது, காற்றில் தளர்ந்து தொங்கும் பகுதிதான் வாளின் வேகத்தைக் குடிக்கும் என்பது அந்தக் கலையின் அடிப்படை. ஜப்பானியச் சாமுராய்களில் தூதர்களும் தலைவனின் மெய்க்காவலர்களும் முதுகில் கட்டிய ‘ஹோரோ’வும் இதே வகை. மூங்கில் போன்ற இலேசான சட்டத்தின்மேல் போர்த்திய அந்தத் துணி, குதிரை ஓடும்போது பந்துபோல் உப்பிப் பின்னாலிருந்து வரும் அம்பின் வேகத்தைத் தணித்தது. தொலைவிலிருந்தே ‘இவர் செய்தி கொண்டுபோகிறவர்’ என்று அடையாளமும் காட்டியது. கொல்லப்பட்ட ஹோரோ வீரனின் தலையை அவன் ஹோரோவிலேயே சுற்றி மரியாதையோடு எடுத்துச்செல்லும் வழக்கமும் இருந்தது. அம்பைத் தடுக்கும் துணி, எதிரியும் மதிக்க வேண்டிய பதவியாகிவிட்டது.

பயனும் சின்னமும் இப்படி ஒரே துணியில் பிறக்கின்றன; ஆனால் பயன் தேய்ந்தாலும் சின்னம் தேய்வதில்லை. ரோமத் தளபதியின் ‘பலுடாமென்டம்’ என்ற மேலங்கி இதற்குத் தெளிவான சான்று. தளபதி நகரை விட்டுப் போருக்குப் புறப்படும்போது அதை அணிவார். திரும்பி நகரெல்லைக்குள் நுழையும் முன் களைந்து குடிமகனின் தோகாவை அணிவார். கி.பி. 69இல் உள்நாட்டுப் போரில் வென்ற விட்டெல்லியுஸ், வாளோடும் போர் மேலங்கியோடும் ரோமுக்குள் நுழையவிருந்ததையும், அப்படி நுழைந்தால் பிடித்த நகருக்குள் போவதுபோல் இருக்கும் என்று நண்பர்கள் தடுத்ததால் தோகாவுக்கு மாறியதையும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். படை அவருடையது, வெற்றி அவருடையது, தடுக்கும் வலுவுள்ளவர் யாரும் இல்லை. எனினும் தோளில் கிடக்கும் துணி ‘இந்த நகரை நான் வாளால் பெற்றேன்’ என்று சொல்லிவிடும் என்ற அச்சம் அவரை உடை மாற்றவைத்தது. பேரரசனே அஞ்சியது துணியின் விலைக்கோ வெப்பத்துக்கோ அல்ல, அது சொல்லும் வழிக்கு.

விலை போதாதபோது சட்டம்

அரிய பொருளால் மட்டுமே ஆடை உயர்ந்தது என்பவர்கள் முதலில் காட்டுவது தீர் நகரத்து ஊதாவை. 1909இல் வேதியியலாளர் பால் ஃப்ரீட்லெண்டர் 12,000 கடல்நத்தைகளிலிருந்து எடுத்த அந்த ஊதாச் சாயம் வெறும் 1.4 கிராம். ஹவாய்த் தீவின் முதலாம் கமேஹமேஹா மன்னனின் மஞ்சள் இறகு மேலங்கியில் ஏறத்தாழ 4,50,000 இறகுகள் இருப்பதாகவும், அவற்றுக்குச் சுமார் 80,000 ‘மாமோ’ பறவைகள் தேவைப்பட்டிருக்கும் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த உழைப்பே போதுமான வேலி என்று தோன்றும். ஆனால் ரோமப் பேரரசர்களுக்கு அது போதவில்லை. நீரோ சில ஊதாச் சாயங்களின் விற்பனையையே தடுத்தான். பிற்கால ரோமச் சட்டத்தில் அரச ஊதாவைத் தனியார் வைத்திருப்பது துரோகக் குற்றமாயிற்று. காரணம் எளிது. காசால் வேலி போட்டால், காசு சேர்த்தவன் வேலியைத் தாண்டுவான். வணிகன் ஊதாவை வாங்கி அணிந்தால், ‘இது எனக்குப் பதவியால் வந்தது’ என்று ஆடை சொல்ல வேண்டிய இடத்தில் ‘இது எனக்குப் பணத்தால் வந்தது’ என்று சொல்லத் தொடங்கும். பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எனவே விலைக்கு மேலே சட்டம் தேவைப்பட்டது.

இங்கிலாந்தில் 1363 முதல் அவ்வப்போது வந்த ஆடைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இதையே வரிவரியாகச் செய்தன. முதலாம் எலிசபெத் 1574இல் விடுத்த அறிவிக்கை, ஊதாப் பட்டும் பொன்னிழைத் துணியும் யாருக்கு, வெல்வெட் யாருக்கு, எந்த உரோமம் எந்தப் படிநிலைக்கு என்று அடுக்கிக்கொண்டு போகிறது. இளைஞர்கள் ஆடம்பரத்தில் சொத்தை அழிக்கிறார்கள் என்பது சொன்ன காரணம். ஆனால் சிக்கனம்தான் நோக்கமென்றால் பிரபுக்களின் செலவுக்கும் எல்லை வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. எல்லை வைத்தது ஒருவர் இன்னொருவராகத் தெரிவதற்குத்தான். 1604இல் இந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. மீண்டும் மீண்டும் அறிவிக்கை விட வேண்டியிருந்ததே, அவை எந்த அளவுக்கு மீறப்பட்டன என்பதற்குச் சாட்சி.

இந்தத் தர்க்கத்தின் கொடிய முகம் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தை உள்ளடக்கிய தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணிவதை 1829இல் அரச ஆணை தடுத்தது. அணிந்தவர்கள் தெருவில் தாக்கப்பட்டார்கள், சீலைகள் கிழிக்கப்பட்டன. பல பத்தாண்டுப் போராட்டத்துக்கும் சென்னை அரசின் அழுத்தத்துக்கும் பிறகு 1859 ஜூலையில் வந்த அறிவிப்பு மார்பை மறைக்க அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிகிற முறையில் அணியக் கூடாது என்றொரு நிபந்தனையையும் ஒட்டவைத்தது. அந்த நிபந்தனை வெட்டவெளிச்சமாக்கும் உண்மை ஒன்று உண்டு. துணியோ அதன் விலையோ யாருக்கும் உறுத்தவில்லை. சாதாரணப் பருத்திச் சீலைதான் அது. உறுத்தியது ஒப்புமை. பிறப்பால் வந்தது என்று காட்டிக்கொண்டிருந்த ஓர் அடையாளம், உரிமைக் கோரிக்கையாலும் வரும் என்று ஆகிவிடக் கூடாது என்பதே தடையின் உள்ளடக்கம்.

உரிமைக்கும் காசுக்கும் அப்பால் மூன்றாவது ஒரு வழி உண்டு: கொடை. முகலாய அவையில் பேரரசர் அளிக்கும் ‘கில்அத்’ அங்கியை ஏற்று அணிவது பணிவை ஏற்பது. 1666இல் ஆக்ரா அவையில் தமக்குரிய இடம் தரப்படவில்லை என்று சினந்த சிவாஜி, கில்அத்தை அணிய மறுத்தார் என்று அக்காலக் கடிதங்கள் சொல்கின்றன. 1779 ஜனவரியில் ஹவாய்த் தலைவர் கலனிஓபுஉ தம் தோளிலிருந்த இறகு மேலங்கியைக் கழற்றிக் கேப்டன் குக்கின் தோளில் போட்டார்; நியூசிலாந்து அருங்காட்சியகத்தில் இருந்த அந்த மேலங்கி 2016இல்தான் ஹவாய்க்குத் திரும்பியது. வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை தந்ததைத் தமிழ் மரபு ஏன் ஈராயிரம் ஆண்டு போற்றுகிறது? மயிலுக்கு அது பயன்படும் என்பதற்காக அல்ல. இன்று மேடையில் போர்த்தும் பொன்னாடையைக் கடையில் யாரும் வாங்கிவிடலாம். ஆனால் தாமே வாங்கித் தாமே போர்த்திக்கொண்டு மேடையேறுகிறவரை ஊர் சிரிக்கும். துணி ஒன்றுதான், வழி மாறியதால் பொருள் மாறிவிட்டது.

சாயமும் தறியும் இல்லாத உலகம்

இப்போது திரைக்கு வருவோம். வீடியோ கேமில் மேலங்கியை ஆடவைப்பது சுலபமல்ல. துணியைப் புள்ளிகளால் ஆன வலையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியும் முன் நொடிக்கும் இந்த நொடிக்கும் இடையே எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து அடுத்த இடத்தைக் கணிக்க வேண்டும். அண்டைப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம் மாறிவிட்டால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். உடம்புக்குள் புகும் புள்ளியை வெளியே தள்ள வேண்டும். 2000இல் வந்த ‘ஹிட்மேன்’ விளையாட்டுக்காகத் தாமஸ் யாகோப்சென் எளிமைப்படுத்தி விளக்கிய இந்த முறை, பின்னால் பலருக்குப் பாடமாயிற்று. ஆனால் இந்த உழைப்பு ஒருமுறைதான். ஓர் அங்கி உருவாகிவிட்டால் பத்துப் பேருக்குக் கொடுப்பதும் ஒரு கோடிப் பேருக்குக் கொடுப்பதும் ஒன்றே. ஆகவே இங்கே அருமை என்பது இயற்கையில் இல்லை. முழுக்க முழுக்க விதியால் உண்டாக்கப்படுவது. எலிசபெத் அறிவிக்கை விட்டுவிட்டு மக்கள் மீறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டு நிறுவனத்துக்கு அந்தக் கவலையில்லை. சட்டமே நிரலாக எழுதப்பட்டிருப்பதால், தகுதியில்லாத தோளில் துணி ஏறவே ஏறாது.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜாகெக்ஸ் நிறுவனத்தின் ‘ரூன்ஸ்கேப்’ இதன் முழுமையான மாதிரி. 2006இல் அங்கே திறன் மேலங்கிகள் அறிமுகமாயின. மீன்பிடித்தல், சமையல், மரம் வெட்டுதல் என்று ஏதாவது ஒரு திறனில் 99ஆம் நிலையை எட்டியவர், அந்தத் திறனின் ஆசானிடம் 99,000 நாணயம் கொடுத்து அதற்குரிய மேலங்கியை வாங்கலாம். நாணயம் வெறும் சடங்கு. உண்மையான விலை 99ஆம் நிலைக்கு வேண்டிய 1,30,34,431 அனுபவப் புள்ளிகள். படிகள் போகப்போகச் செங்குத்தாவதால் 92ஆம் நிலையை எட்டியவர் பாதித் தூரமே வந்திருப்பார். எனவே அந்தத் துணியைக் கண்ட மற்ற ஆட்டக்காரர், அதை அணிந்தவர் எத்தனை நூறு மணி நேரம் எந்த ஆற்றங்கரையில் நின்றிருப்பார் என்பதைக் கணக்குப் போட்டுவிடுவார். அதே விளையாட்டின் நெருப்பு மேலங்கி, 63 அலைகளாக வரும் பகைவர்களைத் தனியாளாகச் சமாளித்துக் கடைசியில் ‘ஜாட்’ என்ற அரக்கனை வீழ்த்தியவருக்கு மட்டும் உரியது. 2005இல் வந்த ‘கில்ட் வார்ஸ்’ குழுக்களுக்குப் பொது மேலங்கி தந்தது. போட்டிகளில் முன்னணியில் வந்த குழுக்களின் மேலங்கி ஓரத்தில் பொன், வெள்ளி, வெண்கலக் கரை ஏறியது. தோற்றால் கரை போய்விடும். பிறப்பால் வரும் எதுவும் இங்கே இல்லை. செயலுக்குரிய சின்னத்தை ஆடையாக்கியதுதான் இவற்றின் கவர்ச்சி.

கொடையும் உண்டு. 2011இல் லாஸ் வேகாஸில் நடந்த ‘மைன்கிராஃப்ட்’ ரசிகர் மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு அந்த ஆண்டுக்கென்றே ஒரு மேலங்கி தரப்பட்டது. அது எந்தத் திறமைக்கும் சான்றல்ல; ‘நான் அங்கே இருந்தேன்’ என்பதற்குச் சான்று. 2009இல் வால்வ் நிறுவனம் ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’இல் செய்தது இன்னும் கூர்மையானது. விளையாடாமலே விளையாடுவதுபோல் பாசாங்கு செய்யும் ஒரு மென்பொருளால் சிலர் தொப்பிகளைச் சேர்த்தார்கள். நிறுவனம் அப்படிச் சேர்த்ததைப் பிடுங்கிக்கொண்டதோடு, அந்த மென்பொருளைத் தொடாதவர்களுக்குத் தலைமேல் மிதக்கும் ஓர் ஒளிவட்டத்தைப் பரிசளித்தது. நேர்மையே அணிகலனாயிற்று, ஒளிவட்டம் இல்லாத தலை குற்றச்சாட்டாயிற்று. தொப்பிகளின் வாங்கல் விற்றல் பிற்பாடு எவ்வளவு பெருத்ததென்றால், 2012இல் அந்நிறுவனம் பொருளாதார அறிஞர் ஒருவரையே அமர்த்திக்கொண்டது. அவர் யானிஸ் வாருஃபாகிஸ். 2015இல் கிரீஸின் நிதியமைச்சரானவர்.

சட்டம் நிரலில் இருந்தாலும் மீறல் ஒழிந்ததா என்றால் இல்லை. நெருப்பு மேலங்கியைப் போலியாகத் தைக்க முடியாது. ஆனால் திறமைசாலி ஒருவரிடம் கணக்கையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, அவருக்குக் காசும் கொடுத்து, ஜாட்டை வீழ்த்தித் தரச் சொல்ல முடியும். விதி அதைத் தடுக்கிறது. ஆனாலும் அந்தச் சேவைக்குச் சந்தை இருந்துகொண்டே இருக்கிறது. இந்தக் கள்ளச் சந்தையில் விலைபோவது துணியல்ல, ‘செயலால் வந்தது’ என்ற பெயர். அணிந்தவருக்கு ஜாட்டைக் கொல்லத் தெரியாது என்பது அடுத்த சண்டையிலேயே வெளிப்பட்டுவிடும் என்று தெரிந்தும் வாங்குகிறார்கள். சின்னம் வழியைச் சொல்கிறது என்பதற்கு, பொய் வழியைச் சொல்லவைக்கக் காசு கொடுப்பதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

இரண்டு கலகங்கள்

1766 மார்ச்சில் மாட்ரிட் நகரம் கொந்தளித்தது. மூன்றாம் கார்லோஸ் மன்னனின் அமைச்சர் எஸ்கிலாச்சே, முகத்தையும் ஆயுதத்தையும் மறைக்க உதவுகிற நீண்ட மேலங்கிக்கும் அகன்ற தொப்பிக்கும் தடை விதித்தார். மேலங்கியின் விளிம்பு தரையிலிருந்து ஒரு சாணாவது மேலே நிற்க வேண்டும் என்று ஆணை. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அமைச்சரின் வீடு சூறையாடப்பட்டது. மன்னன் அரஞ்சுவெஸ் அரண்மனைக்கு ஓடினான். அமைச்சர் பதவி இழந்து நாட்டை விட்டுப் போனார். 2011 ஜூனில் ‘ஈவ் ஆன்லைன்’ என்ற விண்வெளி விளையாட்டில் இன்னொரு கலகம். ஆட்டக்காரரின் உருவம் அணிந்துகொள்ள ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்றைச் 60 டாலருக்கு மேற்பட்ட விலைக்கு நிறுவனம் விற்பனைக்கு வைத்தது. அந்த உலகின் பெரிய சந்தையான ஜிட்டாவில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் கப்பல்களோடு கூடி அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுத் தள்ளினார்கள். ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகளை நிறுவனம் ஐஸ்லாந்துக்கு அவசரமாக அழைத்துப் பேச வேண்டியதாயிற்று.

இரண்டையும் ஆடைக் கலகம் என்பது பாதி உண்மைதான் என்று மறுக்கலாம். மறுப்பில் நியாயம் இருக்கிறது. மாட்ரிடில் ரொட்டி விலை ஏறியிருந்தது. அயல்நாட்டவரான அந்த அமைச்சர் மீது வெறுப்பு முற்றியிருந்தது. ஈவ் ஆட்டக்காரர்களுக்கும் கண்ணாடியின் விலை மட்டும் பிரச்சினையில்லை. இன்று அலங்காரத்தைக் காசுக்கு விற்பவர்கள் நாளை கப்பலையும் குண்டையும் விற்பார்கள் என்ற அச்சமே பெரிது. ஆனால் இந்த மறுப்பு முக்கிய வாதத்தை உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. ரொட்டிக்காகக் கொதித்தவர்கள் மேலங்கியைப் பிடித்துக்கொண்டது ஏன்? குண்டுக்காக அஞ்சியவர்கள் கண்ணாடியைக் கண்டு சுட்டது ஏன்? அதிகாரம் எந்த வழியில் கைமாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிற இடம் ஆடை. மாட்ரிட்காரனுக்கு மேலங்கி வழக்கத்தால் வந்த உரிமை. அமைச்சர் அதை ஆணையால் மாற்ற முடிந்தால் எதையும் மாற்ற முடியும். ஈவ் உலகில் எல்லாமே ஆட்டக்காரர்களின் உழைப்பாலும் சூழ்ச்சியாலும் வர வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். கண்ணாடி காசால் வந்தால் எதுவும் காசால் வரலாம். துணியும் கண்ணாடியும் முதலில் கிழிந்த தையல்கள்.

மூன்று எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் பயனைப் பற்றியது. விளையாட்டில் ஆடைக்கு வேலை உண்டே என்பார்கள். 1990இல் வந்த ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’இல் மஞ்சள் மேலங்கிதான் மாரியோவைப் பறக்கவைக்கிறது. ‘டார்க் சோல்ஸ்’இல் கனமான கவசம் அடியைத் தாங்கும், ஆனால் உருண்டு தப்பும் வேகத்தைக் குறைக்கும். அப்படியானால் ஆட்டக்காரர் தேடுவது பயனை, சின்னத்தை அல்ல என்றாகுமே? ஆகாது என்பதற்கு ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ சாட்சி. வலுவான உடையை அணிந்தே தீர வேண்டும், ஆனால் அது பார்க்கச் சகிக்கவில்லை என்ற குறையைப் பல ஆண்டுகள் கேட்ட பிறகு, 2011இல் அந்த விளையாட்டு ஓர் உடையின் வலுவை வைத்துக்கொண்டு இன்னொன்றின் தோற்றத்தை அணியும் வசதியைத் தந்தது. பயனும் தோற்றமும் பிரிந்தவுடன் ஆட்டக்காரர்கள் தோற்றத்துக்காகவே பழைய குகைகளுக்குத் திரும்பினார்கள். அங்கே கிடைக்கும் உடைகள் வலுவில் எப்போதோ காலாவதியானவை. பயன் மட்டுமே காரணமாயிருந்தால் இந்தப் படையெடுப்பு நடந்திருக்காது. பயனும் சின்னமும் பிரியாமல் நிற்கும் அபூர்வ உதாரணம் 2012இல் வந்த ‘ஜர்னி’. அதில் வழியெங்கும் ஒளிக்குறிகளைச் சேர்க்கச் சேர்க்கக் கழுத்துத் துணி நீள்கிறது. நீளத் துணியுள்ளவர் நீண்ட நேரம் மிதக்கலாம். எல்லாக் குறிகளையும் கண்டவருக்கு வெள்ளை அங்கி. பெயரும் பேச்சும் இல்லாத அந்த உலகில், பாலைவனத்தில் எதிர்ப்படும் வெள்ளை அங்கிக்காரர் பாதை தெரிந்தவர் என்று புதியவர் புரிந்துகொண்டு பின்தொடர்கிறார். இங்கே ஒரே ஒரு வழிதான் உண்டு, அதைக் காசால் வாங்க முடியாது. அதனால்தான் அந்தத் துணி தடுமாறாமல் பேசுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. திருவிதாங்கூரில் சீலையைக் கிழித்தார்கள், ரோமில் உயிர் போகும். விளையாட்டில் என்ன போகும்? பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டுப் போகலாமே. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அடிபட்டவர்களை அவமதிப்பதல்லவா? வன்முறையின் அளவில் ஒப்பீடே கிடையாது, இதை ஐயமறச் சொல்லிவிட வேண்டும். சாதியை அணைத்துவைக்க முடியாது, விளையாட்டை முடியும். ஒப்பிடுவது துன்பத்தை அல்ல, சின்னம் இயங்கும் முறையை. அந்த முறை தீங்கில்லாததும் அல்ல. 2017 முதல் பரவிய ‘ஃபோர்ட்நைட்’ இலவச விளையாட்டு; அதன் உடைகள் சண்டையில் எந்த அனுகூலமும் தருவதில்லை. இருந்தும் காசு கொடுத்து உடை வாங்காமல், விளையாட்டு தரும் தொடக்க உருவத்திலேயே வருகிறவனை ‘டிஃபால்ட்’ என்று அழைப்பது பள்ளிப் பிள்ளைகளிடையே ஏளனச் சொல்லானது. வகுப்புத் தோழர்களெல்லாம் கூடும் இடம் அந்த விளையாட்டே என்றால், அணைத்துவிட்டுப் போ என்ற அறிவுரை பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு எளிதல்ல. பிள்ளைகளின் தனியுரிமையை மீறியதற்காகவும், அறியாமல் பொத்தானை அழுத்திக் காசு இழக்கவைக்கும் வடிவமைப்புக்காகவும் அதன் உரிமையாளரான எபிக் நிறுவனம் 52 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதாக அமெரிக்க வணிக ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது.

மூன்றாவது எதிர்வாதம் பொருளாதாரம் பேசுகிறது. 2006இல் ‘ஆப்ளிவியன்’ விளையாட்டு குதிரைக் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. இன்று அந்த முறைதான் தொழிலைத் தாங்குகிறது. வசதியுள்ளவர் அலங்காரத்துக்குச் செலவிடுவதால் வசதியற்றவர் இலவசமாக விளையாடுகிறார். வெற்றி தோல்வியைக் காசு தொடாதவரை இதில் என்ன தவறு? இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. காசால் வந்த உடை ‘காசால் வந்தேன்’ என்று வெளிப்படையாகச் சொன்னால் அதில் ஏமாற்றும் இல்லை. கடையில் விலைச்சீட்டோடு தொங்கும் உடையை எல்லோரும் பார்க்கிறார்கள். அதை அணிந்தவரை வீரர் என்று யாரும் மயங்குவதில்லை. சிக்கல் தொடங்குவது வழியை மறைக்கும்போது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ‘ஃப்ரீ ஃபயர்’இல் காசு முதலில் ‘டயமண்ட்’ ஆகிறது. டயமண்ட் ‘லக் ராயல்’ சுழற்சியாகிறது. சுழற்சியில் உடை வரலாம், வராமலும் போகலாம். மூன்று படி தாண்டியதும், வாங்கிய உடை அதிர்ஷ்டத்தால் வென்ற பரிசுபோல் தோற்றமளிக்கிறது. எத்தனை ரூபாய் போயிற்று என்பது வாங்கியவருக்கே புரிவதில்லை. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில விளையாட்டுகளின் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்ததற்கு இத்தகைய மறைப்பும் பின்னணி. பழைய காலத்துச் சட்டம் காசு பதவியாக வேடமிடுவதைத் தடுத்தது; புதிய வணிகம் காசு பரிசாக வேடமிடுவதை வளர்க்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், விளையாட்டுகளில் ஆடையைக் காசுக்கு விற்கலாமா கூடாதா என்று நடக்கும் முடிவில்லாத தகராறு தவறான இடத்தில் நடக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. உரிமை, செயல், கொடை, காசு என்ற நான்கு வழிகளும் மனித ஆடையில் எப்போதும் இருந்தவை. எதையும் ஒழித்துவிட முடியாது. பிறப்புரிமை ஒன்றை மட்டும் திரையுலகம் பெருமளவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது, அது அதன் பெருமை. மீதி மூன்றையும் அளக்க வேண்டிய அளவுகோல் ஒன்றே: இந்த ஆடை எந்த வழியில் வந்தது என்பதைப் பார்ப்பவரும் அணிந்தவரும் சுலபமாக அறிய முடிகிறதா? ரூன்ஸ்கேப்பின் திறன் மேலங்கி இந்தத் தேர்வில் தேறுகிறது. விலைச்சீட்டோடு நேராக விற்கும் உடையும் தேறுகிறது. ஆள் வைத்து வென்ற நெருப்பு மேலங்கியும் மூன்று படி சுற்றி வரும் சுழற்சி உடையும் தேறவில்லை. செயலால் வந்தது, அன்பளிப்பாக வந்தது, இன்ன ரூபாய்க்கு வந்தது என்று ஒவ்வோர் உடைக்கும் ஒரு வரி காட்டுவது நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்க நிறுவனங்கள் தயங்குமானால், அவை விற்பது ஆடையை அல்ல, வழி தெரியாமல் இருப்பதை என்றே கொள்ள வேண்டும். கட்டுப்பாடு கொண்டுவர நினைக்கும் அரசுகள் உடையின் விலையிலும் அளவிலும் தலையிட்டால் எஸ்கிலாச்சேயின் கதிதான் மிஞ்சும். வழியைச் சொல் என்று மட்டும் கட்டாயப்படுத்தினால் வேண்டியது நடந்துவிடும்.